ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

என் மருந்துக் கடையில் பனடோல் அதிகம் விற்பதற்குக் காரணம் காய்ச்சல் இல்லை, நான்தான். எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் அப்போது பெண்ணொருத்தி தனியாக நின்று நடத்திய மருந்துக் கடை என்னுடையதுதான். ஆம்பிளைகள் வருவார்கள். வாசலில் ஒரு முகமாக இருக்கும், என்னைக் கண்டதும் வேறொரு முகமாகிவிடும். மேலே சுற்றும் காற்றாடியைப் பார்ப்பார்கள். பால்மா டின்னைத் தூக்கி எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். தொண்டையைச் செருமுவார்கள். "சொல்லுங்கோ" என்று நான் கேட்டதும், "ஒரு காட் பனடோல் தாங்க மிஸ்" என்று அந்தத் தலையிடிக் குளிசை அட்டையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்கள். அவர்களுக்குத் தலையிடி இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்க வந்த குளிசை என்னவென்றும் தெரியும். ஆனால் வாய் திறக்காதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

அவர் மட்டும் அப்படி இல்லை. அவருடைய வாய்க்குப் பூட்டு என்ற ஒன்று கிடையாது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இவருக்கு மணியோசைக்குப் பதிலாகக் கருவாட்டு வாசம். பள்ளிவாசல்துறையில் கருவாடு போட்டு லொறியில் கொழும்புக்கு ஏற்றும் வியாபாரி. பருத்த உடம்பு, கட்டம் போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி. பிந்திய நாட்களில் சட்டைப் பைக்குள் எப்போதும் என்னவோ கிலுகிலுத்துக்கொண்டிருக்கும். தொண்டைக்கு மிட்டாய் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். குரலைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. கடற்கரைக் காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகியவருக்கு மெல்லப் பேசவே வராது. காதோடு சொல்ல வேண்டியதையும் தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

முதல் தடவை இருமல் பாணி வாங்க வந்தார். நான் ஒரு போத்தலை எடுத்து வைத்தேன். அவர் அலுமாரியில் இருந்த இன்னொன்றைக் காட்டி, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். ஒன்று சளியைக் கரைக்கும், மற்றது இருமலை அடக்கும் என்றேன். அத்தோடு போய்விடுவார் என்று நினைத்தது என் அறியாமை. கரைந்த சளி எங்கே போகும் என்றார். அடக்கின இருமல் உள்ளே என்ன செய்யும் என்றார். பின்னால் நின்ற சனம் பெருமூச்சு விட விட, விடுத்து விடுத்துக் கேட்டு, கடைசியில் இரண்டும் வேண்டாம், சுக்குத் தண்ணி குடிக்கிறேன் என்று போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போத்தலால் அடித்திருப்பேன்.

ஊரில் அவருக்கு 'வித்தியாச நானா' என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. முஸ்லிம்கள் இங்கே அண்ணனை நானா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குக் கருவாடு விற்க வந்த இடத்தில் மெழுகுதிரிக் கடையில் நின்று, சிவப்புத் திரிக்கும் வெள்ளைத் திரிக்கும் என்ன வித்தியாசம், சாமி எதைக் கூடுதலாகக் கேட்பார் என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற பாதர் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாராம். மௌலவிமார் அவரைத் தூரத்தில் கண்டாலே அவசரமாகத் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போவார்கள் என்று ஒரு பகிடியும் உண்டு. என்னையும் விடவில்லை. எங்கள் அப்பா மன்னாரிலிருந்து சண்டைக் காலத்தில் இங்கே வந்து இருந்தவர். ஆகவே எனக்குப் பேச்சில் 'கோ' வரும். "மிஸ், நீங்க 'சொல்லுங்கோ' எண்டுறீங்க, நாங்க 'செல்லுங்க' எண்டுறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு நாள் கேட்டார். "உங்களுடையதில் ஆள் செல்ல வேண்டும் நானா, என்னுடையதில் நின்று சொல்ல வேண்டும்" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஏன் இப்படி என்று ஒரு முறை நானே கேட்டேன். வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்துவிட்டால் எல்லா மீனுக்கும் ஒரே முகம்தான், கேட்காதவன் ஏமாந்து போவான் என்றார். சின்ன வயதில் யாரோ அவரை நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும். யாரென்று கேட்டேன். சொல்லவில்லை.

முதல் மனைவி நெடுநாள் படுக்கையில் கிடந்து மவுத்தானார். அந்தக் காலம் முழுக்க மருந்து வாங்க அவர்தான் வருவார், டொக்டர் எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் நூறு கேள்வி. சில வருஷம் தனியாக இருந்தார். கட்டிக்கொடுத்த பெண்மக்கள் இருவரும் வாப்பாவைத் தனியே விட முடியாது என்று பிடிவாதமாக நின்றதால் மறுபடி நிக்காஹ் பேசினார்கள். புரோக்கர் இரண்டு இடம் கொண்டுவந்தார். ஒன்று புத்தளம் டவுன், மற்றது குறிஞ்சிப்பிட்டி. ஊரே காது தீட்டிக்கொண்டு இருந்தது, மனிதர் பெண்கள் விஷயத்திலும் தன் கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று. நானும்தான் காத்திருந்தேன், ஏன் பொய் சொல்வான்?

கேட்கவில்லை. குறிஞ்சிப்பிட்டிக்கு முதலில் போனார்கள். பெண் ஒரு விதவை; அண்ணன் வீட்டில் இருந்து உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, "பிளேன்டீக்குச் சீனி போடவா, கருப்பட்டி தரவா?" என்று கேட்டாராம். இவர் "எதுவா இருந்தாலும் சரி" என்றாராம். புரோக்கர் எங்கள் கடை வாசலில் நின்று சத்தியம் செய்தார், அந்த வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததைத் தன் இரண்டு காதாலும் கேட்டேன் என்று. புத்தளத்துக்குப் போகவே இல்லை.

நிக்காஹ் முடிந்து சில மாதம் கழிந்த ஒரு காலை, கடையில் நல்ல சனம். கருவாட்டு வாசம் வந்தது, அவர் வந்தார், கண்ணாடி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"மிஸ், அந்த ஆம்பிளைக் குளிசையில நீலம் ஒண்டு இரிக்காம், மஞ்சள் ஒண்டு இரிக்காம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

பால்மா டின் வாசித்துக்கொண்டிருந்தவர் டின்னைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு அம்மா பிள்ளையின் காதைப் பொத்தினார். எனக்கும் முகம் சூடாகிவிட்டது, ஆனால் சிரிப்பும் வந்தது. இத்தனை வருஷத்தில் பனடோல் கேட்காமல் நேரே கேட்ட முதல் மனிதர். அதற்காகவே அவரைக் கதிரை போட்டு உட்காரவைத்து, சனத்தை அனுப்பிவிட்டுப் பேசினேன். வேடிக்கை என்னவென்றால் போகாமல் நின்ற இரண்டு பேர் சோப்பு வாங்குகிற சாட்டில் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீலம் என்பது சில்டெனாஃபில், மஞ்சள் டடலாஃபில் என்றேன். நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும், நிறத்தை நம்பக்கூடாது என்றேன். முதலாவது போட்டு ஒரு மணித்தியாலம் போல் ஆகும், சில மணித்தியாலம் நிற்கும், கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் சுணங்கும். மற்றது அடுத்த நாளும் உடம்பில் நிற்கும், சாப்பாடு அதற்குப் பெரிதில்லை.

"அப்ப வலீமா விருந்துல சஹன் தட்டைச் சுத்திக் குந்தி புரியாணி சாப்பிட்டுட்டு வந்து நீலத்தைப் போட்டா?"

"புரியாணி முந்தும் நானா, குளிசை பிந்தும்."

யோசித்தார். நீலம் வீச்சுவலை, மஞ்சள் போட்டுவிட்டு வருகிற வலை, அப்படித்தானே என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது. பிறகு கேட்டது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. இது ஆசையையும் கொண்டுவருமா, உடம்பை மட்டுமா? ஆசை இருந்தால்தான் இது வேலை செய்யும், ஆசையை எந்தக் குளிசையும் தராது என்றேன். "அது இரிக்கி மிஸ். அதுதான் கரைச்சல்" என்றார். போட்டுவிட்டு வருகிற வலைதான் தனக்குச் சரி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க ஏலாது, அவள் என்ன நினைப்பாள் என்றார். டொக்டர் எழுதிய துண்டில்லாமல் இரண்டையும் தரமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் துண்டோடு திரும்பி வருவதற்கு முன் அவருடைய மனைவி வந்தார். கறுப்பு அபாயா, மெல்லிய ஆள், கையில் தையல்காரிகளுக்கு இருக்கும் ஊசித் தழும்பு. அவரும் காற்றாடியைப் பார்த்தார். நான் பனடோலை எடுக்கவே போய்விட்டேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"மிஸ், இவர் எல்லாத்தையும் ஒப்புப் பாக்கிற மனிசன். ஊருக்கே தெரியும். எனக்கும் மூத்தவவுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பாத்திரிப்பார். நான் குறைஞ்சி போயிட்டேன் போல. அதான் பக்கத்துல வாறாரில்ல."

சொல்லிவிட்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கே போய்விடப் போகிறாராம், இன்னொருத்தியின் இடத்தில் வேண்டாதவளாக இருக்க முடியாதாம். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது: 'ராத்தா, அந்த மனிதன் உங்களுக்காக இந்தக் கடையில் தன் மானத்தையே விற்றுவிட்டுப் போயிருக்கிறான்' என்று. ஒருவர் கதையை மற்றவரிடம் சொல்ல என் தொழிலில் இடமில்லை. விழுங்கிக்கொண்டேன். உலகத்தையே கேள்வி கேட்கிற மனிதர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் விளங்கியது. அதற்கு நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் துண்டோடு வந்தார். புத்தளத்தில் ஒரு டொக்டர் மஞ்சளைத்தான் எழுதியிருந்தார். எடுத்து உறையில் போடுவதற்கு முன், எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். நெஞ்சுக்கு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?

"நெஞ்சுல ஒண்டுமே இல்ல மிஸ். டொக்டரும் கேட்டார். கொஞ்சம் வாய்வு, அவ்வளவுதான்."

எங்கள் கரையில் நெஞ்சு என்றால் சளி, இருமல், இழுப்பு. நடக்கும்போது நெஞ்சைப் பிடித்து இறுக்கினால் அது நெஞ்சு இல்லை, வாய்வு. முதுகுக்கு ஏறினால் வாய்வு ஏறிவிட்டது, தோளில் நின்றால் வாய்வு நிற்கிறது. உள்ளியைத் தட்டிப் போட்டுக் குடிப்பார்கள், ஓமத் தண்ணி குடிப்பார்கள். மாரடைப்பு என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு வருவது. அவர் பொய் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். நானும் வாய்வுதானே என்று உறையை ஒட்டி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. வாங்குவாரா? கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டார். இத்தனை நாளும் கிலுகிலுத்தது வெளியே வந்தது. ஒரு சின்ன மண்ணிறக் கண்ணாடிப் போத்தல்.

"அந்த மஞ்சளுக்கும் இந்த வாய்வுக் குளிசைக்கும் என்ன வித்தியாசம் மிஸ்? ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போடலாமா?"

நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை அது. இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயை விரிக்கிறது. வாய்வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைப் போடுகிற மனிதன் நீலமோ மஞ்சளோ போட்டால் பிரஷர் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடப்பான். இரண்டும் ஒன்றையொன்று கண்டால் ஆளைக் கொன்றுவிடும்.

உறையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, இதை யார் தந்தது என்று கேட்டேன். நிக்காஹுக்கு முந்தி, போன மழைக் காலத்தில் லொறி ஏற்றும்போது வாய்வு அடித்து விழுந்தாராம். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது, இறுக்கினால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார்களாம். இது எதற்கு, மற்றதுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்களா என்றேன்.

"அண்டைக்கு மட்டும் கேக்கல்ல மிஸ். மூச்சு எடுக்க ஏலாமக் கிடந்த."

சொன்னேன். இது நெஞ்சு நானா, வாய்வு இல்லை, இருதயம் என்று. மஞ்சளும் கிடையாது, நீலமும் கிடையாது, இந்தப் போத்தல் உங்கள் பையில் இருக்கும் வரைக்கும் எந்த நிறமும் கிடையாது என்று. ஊருக்குள் யாராவது ஒரு சத்துக் குளிசை, ஒரு லேகியம் என்று தந்தாலும் தொடக்கூடாது, அதற்குள்ளும் நீலத்தையோ மஞ்சளையோ கலந்திருப்பார்கள் என்று. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் இருதய கிளினிக்குக்குப் போய், குளிசை இல்லாத வேறு வழியும் உண்டா என்று வாயைத் திறந்து கேட்கச் சொன்னேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சாவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. "அப்ப அவக்கு நான் என்னத்தைச் செல்ல?" என்றார்.

"இதைத்தான் சொல்லுங்கோ. இப்படியே."

"வெக்கம் மிஸ்."

எனக்கு வந்ததே கோபம். கடை நிறையச் சனத்துக்கு முன்னால் நீலமா மஞ்சளா என்று கத்தின வாய்க்கு வீட்டில் என்ன வெக்கம் என்று சத்தம் போட்டேன். வைத்தியனுக்குப் பொய் சொல்லக்கூடாது என்கிறார்கள், பொண்டாட்டிக்கு மட்டும் மறைக்கலாமா என்றேன். பேசத் தெரியாவிட்டால் அவவை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கோ, நான் சொல்கிறேன் என்றேன். பெருநாளைக்கு முந்தி வரவேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். ஏன் பெருநாளைக்கு முந்தி என்று அவர் கேட்கவில்லை.

வந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரம், கடையில் வேறு ஆளில்லை. கதிரை இரண்டையும் போட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். ஆகவே நானே மஞ்சள் குளிசை உறையையும் மண்ணிறப் போத்தலையும் கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இதைத்தான் இவர் உங்களுக்காகக் கேட்டு வந்தவர் ராத்தா, இந்தப் போத்தலில் உள்ளதைப் போட்டுக்கொண்டிருப்பதால் அதைப் போடக்கூடாது, இருதயம் பலவீனப்பட்டதும் உடம்பு இப்படி இருப்பதும் ஒரே வேரில் வந்த வருத்தம்தான், உங்களில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிறகு வேலை இருப்பது போல அலுமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். காதை வைக்கவில்லை.

முதலில் கேட்டது ராத்தாவின் குரல்.

"நான் என்னையும் மூத்தவவையும் ஒப்புப் பாக்கிறீங்க எண்டு நினைச்சேன்."

"இல்ல" என்றார் அவர். தெருவுக்குக் கேட்டிருக்கும். "நான் ஒப்புப் பாக்காம, கேள்வி கேக்காம கையில வாங்கினது ரெண்டேரெண்டு. ஒண்டு இந்தப் போத்தல். மத்தது நீ."

ராத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஆளைப் பார்த்தால் அப்படியொரு பகிடி வாயில் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள், கேட்டார்:

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அலுமாரிக் கண்ணாடியில் நானாவின் நிழல் அசைந்தது. அவர் குனிந்தார். அந்த மனிதருக்குக் குரலைத் தாழ்த்தவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மனைவியின் காதோடு என்னவோ சொன்னார். நீளமாகச் சொன்னார். ஒரு சொல் கூட எனக்குக் கேட்கவில்லை. காற்றாடியை நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல். திரும்பிப் பார்த்தபோது ராத்தா தலைத்துணியின் ஓரத்தால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. போத்தலைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இறுக்கினால் எத்தனை வைக்கவேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று என்னிடம் விடுத்து விடுத்துக் கேட்டார். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அங்கே இவர் டொக்டரைக் கேட்டே களைக்கவைத்தார் என்று கேள்வி. வேறு வழி கிடைத்ததா, கிடைக்காமலே சந்தோஷமாக இருந்தார்களா, எனக்குத் தெரியாது. அறியும் ஆசை இல்லாமலா? ஒரு முறை அவரிடமே, "நானா, முந்திக்கும் இப்பவுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு இருமல் பாணி விலை கேட்டார்.

சில வருஷம் நன்றாக இருந்தார். கடைசியில் இருதயம்தான் கொண்டுபோனது. பகலில், கருவாட்டுப் பந்தலில், ராத்தா பக்கத்தில் இருக்கும்போது. நாக்குக்கு அடியில் வைத்தும் நிற்கவில்லை. துக்கத்துக்கு வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து ராத்தா முதன்முதலாக வெளியே வந்த நாட்களில் என் கடைக்கும் வந்தார். கதிரை போட்டேன். அவரைப் பற்றிக் கதைத்தோம், மெழுகுதிரிக் கதைக்குச் சிரித்தோம். கடையில் ஆளில்லை. இதைவிட்டால் இனிக் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. காற்றாடியை நிறுத்தினேன்.

"ராத்தா, அன்றைக்கு அவர் உங்கட காதுக்குள்ள என்ன சொன்னவர்?"

ராத்தா நிமிர்ந்து நின்றுபோன காற்றாடியைப் பார்த்தார். பால்மா டின்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு காட் பனடோல் தாங்க மிஸ்" என்றார்.